கால் தரையில் பாவாதவர்கள்

சந்தோஷம் தாங்க முடியாமல் போனால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆகும்? டாக்டரைக் கேட்டால் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் என்று ஆரம்பிப்பார். எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து கேட்டுப் பாருங்கள். ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ‘பயலுக்குக் கால் தரையில பாவலைய்யா!’

யோசித்துப் பார்த்தால், ஒரு நாளில் எத்தனை அதிசயங்களை நாம் சர்வசாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்! மனசு றெக்கை கட்டிப் பறக்கிறது. கூட்டாளி தலையில் மிளகாய் அரைக்கிறான். கடன்காரன் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறான். தரகர் காதில் பூ சுற்றுகிறார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி நர்ஸம்மா வயிற்றில் பாலை வார்க்கிறார். ஊரையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்.

சொல்லும்போது நமக்கு எதுவும் வித்தியாசமாகப் படுவதில்லை. இதையே ஒருத்தர் சொன்னது சொன்னபடி படமாக வரைந்தால்? ஒருவன் தலையில் நிஜமாகவே அம்மியை ஏற்றி, பக்கத்தில் இன்னொருவன் நின்று மிளகாய் அரைக்கிற மாதிரி? ‘என்னய்யா இது, கனவு கண்டு வரைஞ்சானா?’ என்றுதானே கேட்போம்?

அப்படி வரைந்த ஒருவர் இருந்தார். நம்மூர்க்காரர் இல்லை, யூதர். பெயர் மார்க் ஷகால். உலகம் அவருக்குக் கொடுத்த பட்டம், கனவு ஓவியர். அந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்கவே இல்லை என்பது வேறு விஷயம். ஏன் பிடிக்கவில்லை என்பதைத்தான் இந்த வாரம் உங்களோடு பேசலாம் என்று இருக்கிறேன்.

பி.காம். முடித்த கையோடு மதுரையில் ஒரு ஆடிட்டரிடம் கொஞ்ச காலம் வவுச்சர்களுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே சுவரில் ஒரு வெளிநாட்டு காலண்டர். யாரோ ஒரு கட்சிக்காரர் கொண்டுவந்து கொடுத்தது. அதில் ஒரு மாதத்துக்கு ஷகாலின் ‘பிறந்தநாள்’ படம். 1915-ல் வரைந்தது. சாதாரண வீட்டு அறை. சிவப்புத் தரை, ஒரு ஜன்னல். கறுப்பு உடுப்பில் ஒரு பெண், கையில் பூங்கொத்து. அவளுக்கு மேலே, தரையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் மிதக்கிறான் ஒருவன். மிதந்தபடியே கழுத்தைப் பின்பக்கமாக வளைத்து, எலும்பே இல்லாதவன் மாதிரி, அவளுக்கு முத்தம் கொடுக்கிறான்.

டிரையல் பாலன்ஸ் டேலி ஆகாதபோதெல்லாம் நிமிர்ந்து அதைத்தான் பார்ப்பேன். அந்தப் படமும் டேலி ஆகாது. எந்தக் கணக்கில் இவன் மேலே போனான்? கயிறு இல்லை, றெக்கை இல்லை. அவள் முகத்திலும் பெரிய ஆச்சரியம் இல்லை. புருஷன்மார் இப்படி அப்பப்போ மேலே போய்விட்டு வருவது வழக்கம்தான் என்கிற மாதிரி நிற்கிறாள்.

அந்தப் பெண் பெல்லா. ஊரில் நகைக்கடை வைத்திருந்தவரின் மகள். அவன் ஷகாலேதான். அவருடைய பிறந்தநாள் என்று தெரிந்துகொண்டு பூக்களோடு வந்து நின்றாள். அதற்குச் சில வாரங்கள் கழித்து அவர்கள் கல்யாணம். சொல்லுங்கள், அன்றைக்கு அவர் கால் தரையில் பாவியிருக்குமா?

★

ஷகால் பிறந்தது 1887-ல், வீட்டெப்ஸ்க் என்ற ஊரில். அன்றைக்கு ரஷ்யப் பேரரசு, இன்றைக்கு பெலாரஸ். ஊர் ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதி யூதர்கள். அப்பாவுக்கு மீன் கிட்டங்கியில் வேலை. உப்புப் போட்ட ஹெர்ரிங் மீன் பீப்பாய்களைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அம்மா வீட்டிலேயே ஒரு பலசரக்குக் கடை போட்டிருந்தார். ஒன்பது பிள்ளைகளில் இவர் மூத்தவர். கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் வீட்டு மூத்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்களேன், கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

உருவம் செய்து வணங்காதே என்று வேதத்திலேயே கட்டளை உள்ள சமூகம் அது. கோயிலில் சிலை கிடையாது. பக்தியை எல்லாம் வாயால் காட்டினார்கள். கதை, பாட்டு, ஆட்டம். ஷகால் குடும்பம் ஹஸிடிக் பிரிவைச் சேர்ந்தது. ஆனந்தமாகப் பாடி ஆடுவதும் கடவுளை அடையும் வழிதான் என்று நம்பியவர்கள். கல்யாணம் என்றால் பிடில்காரர் இல்லாமல் நடக்காது, நமக்கு நாதஸ்வரம் மாதிரி.

அவருடைய சுயசரிதையில் ஒரு தாத்தா வருகிறார். ஒரு பண்டிகை நாளில் ஆளைக் காணோம். வீடு முழுக்கத் தேடுகிறார்கள். கடைசியில் பார்த்தால், வெயில் நன்றாக இருக்கிறது என்று கூரைமேல் ஏறி, புகைபோக்கிமேல் உட்கார்ந்து கேரட் கடித்துக்கொண்டிருக்கிறார் பெரியவர்! பிடில் வாசிக்கிற மாமா ஒருவரும் அதே புத்தகத்தில் உண்டு. இரண்டு பேரையும் சேர்த்துப் பாருங்கள். 1912-13-ல் ஷகால் வரைந்த ‘பிடில்காரர்’ படத்தில், பச்சை முகத்தோடு ஒரு பிரமாண்டமான ஆள் வீட்டுக் கூரைகளை மிதித்துக்கொண்டு பிடில் வாசிக்கிறார். 1964-ல் நியூயார்க்கில் மேடையேறி உலகம் சுற்றிய ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ இசை நாடகத்துக்குக் கதை ஷோலம் அலெய்கெம் எழுதியது. தலைப்பு ஷகாலின் கூரையிலிருந்து வந்தது.

1910-ல் பாரிஸ் போனார். அங்கே பொருள்களைக் கட்டம் கட்டமாக உடைத்து வரைவதுதான் அப்போது பேஷன். இவரும் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு என்ன வரைந்தார்? 1911-ல் ‘நானும் என் கிராமமும்’. ஒரு பச்சை முகமும் ஒரு மாட்டு முகமும் கண்ணுக்குக் கண் பார்த்து நிற்கின்றன. அந்த மாட்டின் கன்னத்துக்குள்ளேயே ஒரு பெண் பால் கறந்துகொண்டிருக்கிறாள். தூரத்தில் வரிசையாக வீடுகள், அதில் இரண்டு தலைகீழ். பாரிஸ்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். எங்கள் பக்கம் மாடு வைத்திருக்கிறவர் யாரும் பிளக்க மாட்டார்கள். மாட்டின் முகத்தைப் பார்த்தாலே அன்றைக்கு எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள். முகத்துக்குள்ளேதானே பால் இருக்கிறது!

★

இனிமேல்தான் விஷயமே.

ஷகால் வீட்டில் பேசியது இட்டிஷ். ஜெர்மனியிலிருந்து பிறந்து, ஹீப்ரு எழுத்தில் எழுதப்படும் பேச்சு மொழி. படித்தவர்கள் அதைக் கொச்சை என்று ஒதுக்கிவைத்த காலமும் உண்டு. அந்த மொழியில், தெருத்தெருவாகப் போய்ப் பிச்சை எடுப்பவனையும் மூட்டை தூக்கி விற்பவனையும் ‘வீடுகளுக்கு மேலே போகிறான்’ என்று சொல்வார்கள். வீடு வீடாகப் போகிறான் என்று அர்த்தம். ஷகால் 1914-ல் வரைந்த ஒரு படத்தில், தோளில் மூட்டையோடு, கையில் தடியோடு ஒரு கிழவர் வீட்டெப்ஸ்க் நகரத்துக்கு மேலே வானத்தில் மெல்ல நடந்து போகிறார். பனி மூடிய கூரைகள் கீழே கிடக்கின்றன.

தெரிந்ததா? கனவும் இல்லை, ஒன்றும் இல்லை. பேச்சு வழக்கு! அம்மா கடை வாசலில் தினமும் காதில் விழுந்த பேச்சு. அதை அவர் சொல் மாறாமல் வரைந்துவிட்டார்.

நாம் மட்டும் என்ன சொல்கிறோம்? ‘ஒரு வேலைக்காக வீடு வீடா ஏறி இறங்குனேன் சார்.’ ஏறி இறங்க அங்கே என்ன மலையா இருக்கிறது? இருப்பதெல்லாம் ரெண்டு வாசற்படி. ஒரு தமிழ்ப் பையன் அதை அப்படியே வரைந்திருந்தால், சர்ட்டிபிகேட் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டுக்கூரை ஓட்டுக்கூரையாக ஏறி இறங்கும் ஒரு பி.காம். பட்டதாரி அதில் இருந்திருப்பான்.

அதேபோல, சித்தம் கலங்கியவனுக்கு இட்டிஷில் ‘தலை திருகினவன்’ என்று பெயர். ஷகால் ஒரு கவிஞரை வரைந்திருக்கிறார். மேஜைமுன் உட்கார்ந்திருக்கும் அந்தக் கவிஞரின் தலை, கழுத்துக்கு மேல் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறது. இதற்கு விளக்கவுரை எழுதப் பண்டிதர்கள் பக்கம் பக்கமாகச் செலவழித்தார்கள். வீட்டெப்ஸ்க் சந்தையில் மீன் விற்கும் கிழவி பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சிரித்திருப்பாள்.

அதனால்தான் கற்பனை, கனவு என்று யாராவது சொன்னால் அவர் மறுத்தார். மனசுக்குள் இருப்பதும் நிஜம்தான், ஒருவேளை கண்ணுக்குத் தெரிவதைவிட அதிக நிஜம் என்பது அவர் கட்சி.

★

கிழவியை வீட்டெப்ஸ்க்கில் தேடுவானேன், நம் வீட்டிலேயே இருக்கிறாரே என்று தோன்றியது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஷகால் படப் புத்தகம் ஒன்று என்னிடம் உண்டு. போன தடவை ஊருக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டேன்.

அம்மாவுக்கு எழுபத்தைந்து. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. ஏலத்தோட்டத்துக்கு விடிகாலை ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறி, முப்பது வருஷம் வேலை பார்த்தவர். திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தவரிடம் ‘ஊருக்கு மேலே’ என்ற படத்தைக் காட்டினேன். 1918-ல் முடித்த படம், மாஸ்கோவில் இருக்கிறது. மரவீடுகளும் வேலிகளுமாக வீட்டெப்ஸ்க் கீழே பரந்து கிடக்கிறது. மேலே ஷகாலும் பெல்லாவும். அவர் அவளை அணைத்துப் பிடித்திருக்கிறார். அவள் ஒரு கையை நீட்டியிருக்கிறாள். இருவரும் காற்றில் நீச்சலடித்துப் போகிறார்கள்.

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“புருசன் பொண்டாட்டி. கல்யாணமாகி ரொம்ப நாளாகலை.”

“எப்பிடிம்மா சொல்ற?”

“பிடிச்சிருக்கிற பிடியப் பாரு. எங்க விழுந்துருவாளோன்னு பதறிப் பிடிச்சிருக்கான். எங்கள மாதிரி அம்பது வருசமாச்சுன்னா, விழுந்தா எந்திரிச்சு வருவான்னு விட்ருப்பான்.”

“பறக்குறாங்களேம்மா... மனுசங்க பறப்பாங்களா?”

“அந்த வயசுல பறக்கத்தேன் செய்வாங்க. நீ பறக்கல?”

நான் வேகமாக அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனேன். அம்மா விடவில்லை. படத்தின் கீழ் ஓரத்தில் விரலை வைத்தார்.

“இந்தா, வேலியோரமா ஒருத்தன் குத்தவச்சிருக்கான் பாத்தியா?”

அதுவரை நான் கவனிக்கவே இல்லை. ஆமாம், வேலிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஆசாமி, பின்பக்கம் தெரிய, வெளிக்கு உட்கார்ந்திருக்கிறான். உலகப்புகழ் பெற்ற காதல் ஓவியத்தில்!

“இவுங்க பாட்டுக்கு இவுங்க பறக்குறாங்க. அவன் பாட்டுக்கு அவன் சோலியப் பாக்குறான். ஊருன்னா அப்பிடித்தேன்.”

கலை விமர்சனம் முடிந்தது. இதைவிடச் சுருக்கமாக, இதைவிடச் சரியாக ஷகாலைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. புத்தகத்தை மூடப் போகும்போது அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

“ஏப்பா... இந்த ஊரு இப்ப இருக்கா?”

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

★

அம்மாவுக்குப் பறக்கிற மனிதர்கள் புதிதாகத் தெரியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு புருஷன் பெண்டாட்டி ஏற்கெனவே பறந்திருக்கிறார்கள்.

கூடலூருக்கு மேலே, தமிழ்நாடும் கேரளாவும் எல்லை போட்டுக்கொள்ளும் மலையில், நாலாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, வேங்கை மரத்தடியில் வந்து நிற்கிறாள். கோவலன் கொலையுண்டு பதினான்கு நாள் கழித்து அவன் வருகிறான். வானத்திலிருந்து விமானம் வருகிறது. இருவரும் ஏறி மேலே போய்விடுகிறார்கள். பார்த்தவர்கள் யார்? மலைக்குறவர்கள். அவர்கள்தான் சேரன் செங்குட்டுவனிடம் போய், இப்படி ஒன்றை எங்கள் கண்ணால் கண்டோம் என்று சொல்கிறார்கள். சிலப்பதிகாரம் சொல்லும் கதை இது. அந்த இடம் எங்கள் மலைதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

வருஷத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் அங்கே ஜனங்களை விடுவார்கள். புலிகள் காப்பகம் என்பதால் கட்டுப்பாடு அதிகம். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஏற்பாடு செய்யும். குமுளி வழியாக ஜீப்பில் போகலாம். தெம்பு இருந்தால் பளியன்குடி வழியாக நடந்தே ஏறலாம். மேலே போனால் சிதைந்த கற்கட்டடம், காற்று, கீழே பச்சையும் நீலமுமாகப் பள்ளத்தாக்கு. அங்கே நின்று பார்த்தால் ஷகாலின் கோணம் புரியும். ஊர் சின்னதாக, காலுக்குக் கீழே.

சித்திரை நிலாவில் மொட்டைமாடியில் படுக்கவைத்து, அப்பத்தா எங்களுக்கு அந்த மலையைக் காட்டுவார். “உத்துப் பாரு, வெளிச்சம் தெரியும். ஆத்தா போற தேரு.” நாங்களும் தெரியுது தெரியுது என்போம். குமுளி மலைப்பாதையில் ஏறும் லாரியின் ஹெட்லைட்டாக இருக்கலாம். எங்களுக்கு அது தேர்தான்.

சாமியையும் மனுஷனையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் பழக்கமில்லாத ஊர்கள் எங்களுடையவை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, 1895-ல் தண்ணீரைத் திருப்பிவிட்ட பென்னிகுவிக் என்ற வெள்ளைக்கார இன்ஜினீயர் படம், டீக்கடைகளில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும். மீசை வைத்த கோட்டுக்காரரும் மயில்மேல் முருகனும் ஒரே ஊதுபத்தியை மோந்துகொண்டிருப்பார்கள். ஷகால் பார்த்திருந்தால் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

★

வானத்துக்குப் போன தேர் யூதர்களிடமும் உண்டு. எலியா தீர்க்கதரிசி நெருப்புத் தேரில் ஏறி விண்ணுக்குப் போனார் என்கிறது வேதாகமம். பிரான்ஸில் நீஸ் நகரத்தில் உள்ள ஷகால் மியூசியத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சுவரில் பெரிய மொசைக் படம் ஒன்று இருக்கிறது. நடுவில் தேரில் எலியா, சுற்றிலும் பன்னிரண்டு ராசிகள். தேர் தண்ணீரிலும் தெரியும்.

அதே தேர் நம் நாட்டிலும் இறங்கியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? மகாராஷ்டிராவில், பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கரையில், பெனே இஸ்ரேல் என்று ஒரு யூத சமூகம். முன்னொரு காலத்தில் கப்பல் உடைந்து, ஏழு ஆணும் ஏழு பெண்ணும் மட்டும் நவகாவ் கரையில் ஒதுங்கினார்கள், அவர்கள் வம்சம் நாங்கள் என்பது அவர்கள் கதை. செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் ‘சனிவார் தேலி’. சனிக்கிழமை வாணியர்.

ஆலிபாக் பக்கம் கண்டாலா என்ற சிற்றூரில் (மலைவாசஸ்தலம் கண்டாலா வேறு) ஒரு பாறை. எலியாவின் தேர் அங்கே வந்துபோன தடம் அதில் இருக்கிறது என்று இன்றும் காட்டுகிறார்கள். கல்யாணம், புதுமனை, நோய் தீர்ந்தது என்று எந்த நல்லது நடந்தாலும் எலியாவுக்கு ‘மலிதா’ படைக்கிறார்கள். மலிதா என்றால் ஊறவைத்த அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, கூடவே பழங்கள். எங்கேயோ சாப்பிட்ட ஞாபகம் வருகிறது அல்லவா?

அந்தச் சமூகத்தில், 1960-ல் பம்பாயில் பிறந்தவர் ஓவியர் சியோனா பெஞ்சமின். படித்தது கத்தோலிக்கப் பள்ளியிலும் பார்சிப் பள்ளியிலும். அக்கம்பக்கம் இந்துக்களும் முஸ்லிம்களும். வீட்டில் யூத வழிபாடு. பிறகு ஜே.ஜே. கலைப்பள்ளி, அப்புறம் அமெரிக்கா. இப்படி வளர்ந்தவர் என்ன வரைவார்? யூதக் கதைகளில் வரும் பெண்களை வரைகிறார். சாரா, எஸ்தர், லிலித். ஆனால் எல்லோருக்கும் நீல உடம்பு! நம் கண்ணனின் நீலம். பழைய ராஜபுத்திர, மொகலாயக் குறும்படங்களின் நுணுக்கமான கோடு, சினிமா போஸ்டர், அமர் சித்திரக் கதை எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒரு படத்தில் மெனோரா என்னும் யூதக் கிளைவிளக்கு மாதிரியே கைகள் விரிந்த நீலப் பெண். பார்த்தால் அம்மனுக்கும் விளக்குக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

‘யூதர் என்றால் நீ எப்படி இந்தியர்? இந்தியர் என்றால் எப்படி யூதர்?’ என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு வந்தவர் அவர். இங்கே சிறுபான்மை, அங்கே போனாலும் நிறத்தால் சிறுபான்மை. அந்த நீலம்தான் அவர் பதில். அவருடைய பெரிய ஓவிய வரிசைக்கு அவர் வைத்த தலைப்பு, ‘வீட்டைத் தேடி’ என்ற அர்த்தத்தில் வரும். 1948-க்குப் பிறகு பெனே இஸ்ரேல் மக்களில் பெரும்பாலோர் கப்பலேறி இஸ்ரேல் போய்விட்டார்கள். இங்கே மிச்சம் சில ஆயிரம் பேர். செக்கும் இல்லை, ‘சனிவார் தேலி’ என்று கூப்பிட ஆளும் இல்லை. அந்த ஊர்ப்பேச்சும் கதையும் எங்கே போய் நிற்கும்? அதில் கொஞ்சம், ஒரு நீலப் பெண்ணின் முந்தானையில் போய் நிற்கிறது.

★

இப்போது அம்மாவின் கேள்வி. அந்த ஊர் இருக்கிறதா?

ஷகால் 1922-ல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பினார். பிரான்ஸில் குடியேறினார். ஜெர்மனியில் யூதர்களின் வீடுகளும் கோயில்களும் எரிந்த 1938-ல் ‘வெள்ளைச் சிலுவை’ வரைந்தார். அதிலும் ஆட்கள் அந்தரத்தில் மிதக்கிறார்கள். அவர்கள் காதலர்கள் அல்ல. கீழே கிராமம் பற்றி எரிய, மேலே அழுதுகொண்டு மிதக்கும் பெரியவர்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் அவரே காதலிக்காகத் திறந்துவிட்ட வானம்தான், இப்போது ஓடி ஒளிவதற்கு.

1941 ஜூனில் அவரும் பெல்லாவும் தப்பித்து நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். அதே மாதம் ஹிட்லரின் படை சோவியத் நாட்டுக்குள் நுழைந்தது. ஜூலையில் வீட்டெப்ஸ்க் விழுந்தது. தப்பிக்க முடியாமல் அகப்பட்ட யூதர்களை முள்வேலிக்குள் அடைத்தார்கள். அக்டோபரில் கொன்று முடித்தார்கள். 1944-ல் ஊர் மீட்கப்பட்டபோது கட்டடங்களிலும் அநேகமாக எதுவும் மிச்சமில்லை. அதே வருஷம் செப்டம்பரில் பெல்லா நோயில் இறந்தார். பல மாதம் ஷகால் தூரிகையைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தார். 1985-ல், 97 வயதில் இறக்கும்வரை வரைந்தார். பார்த்தால் அதே வேலி, அதே கூரை, அதே பிடில். 1973-ல் சோவியத் அரசு கூப்பிட்டது. மாஸ்கோ போனார், லெனின்கிராட் போனார். வீட்டெப்ஸ்க் மட்டும் போகவில்லை. போயிருந்தால் ஊர் என்ற பெயரில் அங்கே இருப்பதைப் பார்த்திருப்பார். போகாததால் அவருடைய ஊர் தப்பித்தது. இன்றைக்கு அந்த நகரம் திரும்பக் கட்டப்பட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அவர் வளர்ந்த வீடு மியூசியமாகி இருக்கிறது. ஆனால் ‘வீடுகளுக்கு மேலே போகிறான்’ என்று தெருவில் பேசிச் சிரிக்க ஆள் இல்லை.

பி.காமில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொத்து இரண்டு வகை. தொட்டுப் பார்க்க முடிவது, முடியாதது. நிலம், கட்டடம், மெஷின் முதல் வகை. குட்வில், காப்புரிமை மாதிரியானவை இரண்டாவது. தீ விபத்துக்கு இன்ஷூரன்ஸ் போடும்போது முதல் வகையைத்தான் மதிப்பிடுவார்கள். வீட்டெப்ஸ்க்கில் முதல் வகை மொத்தமும் போய்விட்டது. இரண்டாவது வகையில் ஒரு மூட்டையை மட்டும் ஒருவர் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்திருந்தார். அந்த ஊருக்கு இன்றைக்கு உலகத்தில் இருக்கும் மதிப்பு முழுக்க அந்த மூட்டைதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மொச்சையை உரித்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

அம்மா பிறந்த ஊர் வைகை அணைக்குள் இருக்கிறது. 1959-ல் அணை திறந்தபோது அவருக்கு எட்டு, ஒன்பது வயது. மாட்டு வண்டியில் கதவு நிலை, உரல், கோழிக்கூடு எல்லாம் ஏற்றிக்கொண்டு வெளியேறிய ஜனங்களில் ஒரு குடும்பம் அவருடையது. மதுரைக்குக் குடிக்க வேண்டும், வயலுக்குப் பாய வேண்டும், நல்ல காரியம்தான். ஆனால் டி.வி. செய்தியில் ‘வைகை அணையின் நீர்மட்டம் இன்று 65 அடி’ என்று வாசிக்கும்போது, விவசாயிகள் சந்தோஷப்படுவார்கள். அம்மா, “எங்க வீட்டுக் கூரைக்கு மேல எம்புட்டு நிக்கிதோ” என்பார். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. அதில் அவர் வீடு எத்தனையாவது அடி என்பது எந்தப் பொதுப்பணித் துறைப் பதிவேட்டிலும் கிடையாது.

அந்த ஊர்களின் ஆட்களையும் பேச்சையும் வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலில் எழுதிவைத்தார். அவரும் அணைக்குள் போன ஊரில் பிறந்தவர்தான். 2003-ல் அதற்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. எழுத்தில் கொஞ்சம் கரையேறிவிட்டது. இன்னும் எவ்வளவோ, திண்ணையில் மொச்சை உரிக்கிறவர்களின் வாயில் மட்டும் இருக்கிறது. பெண்களிடம்தான் அதிகம். யாரும் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வார்த்தை இருக்கும். அகராதியில் இருக்காது. பாட்டிக்குக் கோபம் வந்தால் சொல்வது, மாமா சீட்டில் ஜெயித்தால் சொல்வது, பக்கத்துத் தெருவில் கேட்டால்கூடப் புரியாதது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டு அதைக் கேளுங்கள். ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். வீட்டில் கிரேயான் பிடிக்கிற வயதில் பிள்ளை இருந்தால், அந்த வார்த்தையைச் சொல்லி அப்படியே வரையச் சொல்லுங்கள். ஆள் அந்தரத்தில் நின்றால் திருத்தாதீர்கள்.

நான் கிளம்பும்போது அம்மா புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. இப்போது அது பென்னிகுவிக் படத்துக்குக் கீழே, அலமாரியில் இருக்கிறது.